கையில் இல்லாத சரக்கும் கைப்பேசி வியாபாரமும்

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் செல்வாக்குள்ள வணிகர்களுள் ஒருவராக விளங்கினார்கள். தம் சரக்கை நம்பிக்கைக்குரியவர்களிடம் ஒப்படைத்து, இலாபத்தில் பங்கு பேசி, ஷாம் தேசத்துச் சந்தைகளுக்கு அனுப்பிவைப்பது அவர்களின் வழக்கம். அப்படி ஒரு பயணத்தில்தான் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மைஸராவுடன் ஷாம் சென்று திரும்பினார்கள் என்பதை ஸீரா படித்த அனைவரும் அறிவர். ஆகவே ஒரு பெண்மணி தன் வீட்டிலிருந்தபடியே வியாபாரம் நடத்துவது நேற்று முளைத்த புதுமையன்று.

இன்று நம் ஊர்களில் அந்த வியாபாரம் கைப்பேசியில் நடக்கிறது. அபாயா, மக்கனா, அத்தர், பேரீச்சம்பழம், கறி மசாலாத் தூள், கருஞ்சீரக எண்ணெய் என்று வாட்ஸப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் விற்பனை நடக்காத நாளில்லை. கணவர் சபரில் இருக்கும் சகோதரிகள், கணவரை இழந்தவர்கள், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்மக்கள், கடை பிடிக்க முதலில்லாத இளைஞர்கள் ஆகியோர் இதனால் நாலு காசு காண்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்! இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தொடங்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டிய சங்கதிகள் சில உண்டு. 'என்ன விலை வைக்கலாம்? எந்தக் கூரியர் மலிவு?' என்று நூறு பேரிடம் விசாரிக்கிற நாம், 'இப்படி விற்பது ஷரீஅத்தில் கூடுமா? நாட்டுச் சட்டத்தில் இதற்கு என்ன பொறுப்பு?' என்று ஒருவரிடமாவது கேட்கிறோமா? இவ்விரண்டும் பார்ப்பதற்கு வெவ்வேறு கேள்விகள். அடியில் போய்ப் பார்த்தால் இரண்டும் விற்பவரைப் பார்த்து ஒன்றையே கேட்கின்றன: இந்தச் சரக்குக்கு யார் பொறுப்பு?

முதலில் மார்க்கத்தை எடுத்துக்கொள்வோம்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களும் பெரிய வியாபாரி. அவர்கள் ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார்கள். 'என்னிடம் இல்லாத ஒரு பொருளை விலைக்குக் கேட்டு ஒருவர் வருகிறார். அவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் அதை வாங்கிக் கொடுக்கலாமா?' என்பதுதான் அந்தக் கேள்வியின் கருத்து. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இந்த ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஹகீம் (ரலி) அவர்கள் கேட்ட இந்தக் கேள்வியை, இன்று கைப்பேசியில் விற்கத் தொடங்குகிற ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

எப்படியென்றால், ஒரு சகோதரிக்குச் சென்னையிலோ சூரத்திலோ உள்ள மொத்த வியாபாரி அபாயாக்களின் படங்களை அனுப்புகிறார். அவர் சொல்லும் விலை 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சகோதரி அந்தப் படத்தைத் தன் குழுவில் போட்டு 1,450 என்கிறார். ஒருவர் 'எனக்கு வேண்டும்' என்று பணத்தை அனுப்பிவிடுகிறார். பணம் வந்த பிறகுதான் சகோதரி மொத்த வியாபாரிக்கு 1,100 கட்டுகிறார். சரக்கு அங்கிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போகிறது. இடையில் இருக்கும் 350 சகோதரியின் இலாபம். அந்த அபாயாவை அவர் கண்ணால் பார்த்ததுமில்லை, கையால் தொட்டதுமில்லை, விற்ற நேரத்தில் அது அவருடைய பொருளாக இருக்கவுமில்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லையே, ஏன் கூடாது என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பொறுப்பேற்காத பொருளில் இலாபம் எடுப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பொருளின் வருமானம் அதன் நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே உரியது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. கடைவைத்திருப்பவரின் சரக்கு தீப்பிடித்தால் நஷ்டம் அவருக்கு; எலி கடித்தால் அவருக்கு. அதனால்தான் இலாபமும் அவருக்கு. மேலே சொன்ன வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு? மொத்த வியாபாரி 'ஸ்டாக் முடிந்துவிட்டது' என்கிறார். அல்லது கறுப்புக்குப் பதில் நீலம் வருகிறது. தையல் பிரிந்து வருகிறது. வாங்கியவர் சகோதரியைக் கேட்டால், 'அது கம்பெனியின் தவறு, நான் என்ன செய்வேன்?' என்ற பதில் வருகிறது. இலாபம் வாங்கும்போது 'நான் விற்றேன்' என்றவர், குறை வந்தபோது 'நான் விற்கவில்லை' என்கிறார். மார்க்கம் அடைக்க விரும்பியது இந்த ஓட்டையைத்தான்.

அப்படியானால் முதலில்லாத ஏழை வியாபாரமே செய்யக்கூடாதா? அல்லாஹ் அப்படி நெருக்கடி வைக்கவில்லை. ஃபிக்ஹு நூல்கள் மூன்று வாசல்களைத் திறந்துவைத்திருக்கின்றன.

எளிய வாசல் தரகு. சகோதரி மொத்த வியாபாரியிடம் பேசி, 'உங்கள் அபாயாவை நான் விற்றுத் தருகிறேன், ஒன்றுக்கு 150 ரூபாய் எனக்குக் கூலி' என்று முடிவுசெய்துகொள்ளட்டும். அப்போது விற்பவர் மொத்த வியாபாரி. சகோதரி அவருடைய ஆள். குறை வந்தால் அவர் பொறுப்பு என்பது முதலிலேயே மூவருக்கும் தெரியும். வாங்குகிறவரிடமும், 'இது என் சரக்கல்ல, இன்ன இடத்துச் சரக்கு, நான் ஏற்பாடு செய்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். கூலி எவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். 'இந்த விலைக்குமேல் எவ்வளவு கிடைத்தாலும் உனக்கு' என்று பேசுவதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அனுமதித்ததாகப் புகாரீயில் குறிப்பு இருந்தாலும், கூலி தெரியாததால் இமாம்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தொகையை நிர்ணயித்துவிட்டால் வம்பில்லை.

இரண்டாவது வாசல், முதலில் வாங்கிப் பிறகு விற்பது. 'வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் அதை வாக்குறுதியாக மட்டும் குறித்துக்கொண்டு, சரக்கை வாங்கி, வீட்டுக்கு வரவழைத்து, பிரித்துப் பார்த்து, அதன்பின் விற்பது. வாங்கிய சரக்கை வாங்கிய இடத்திலேயே வைத்து விற்காமல், வியாபாரிகள் தங்கள் இருப்பிடத்துக்குக் கொண்டுபோன பிறகே விற்க வேண்டுமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதாக ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதற்குச் சிறிது முதல் வேண்டும். இரண்டு நாள் தாமதமாகும். ஆனால் நம் அனுபவத்தில் நல்ல பெயரோடு நீடிக்கிறவர்கள் இந்த வழிக்காரர்களே. கிழிந்த அபாயா அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே பிடிபட்டுவிடும்.

மூன்றாவது வாசல் ஸலம். மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அதை அடியோடு தடுக்காமல், அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டுமென்று ஒழுங்குபடுத்தினார்கள். ஆகவே இன்ன துணி, இன்ன நிறம், இன்ன நீளம், இன்ன தேதிக்குள் என்று ஐயமற எழுதி, முழு விலையையும் ஒப்பந்தம் ஆகும்போதே பெற்றுக்கொண்டால், கையில் இல்லாத சரக்கையும் விற்கலாம். ஆனால் பொறுப்பு முழுதும் விற்றவர் தலையில். ஒரு மொத்த வியாபாரி கைவிரித்தால் வேறிடத்தில் வாங்கியாவது கொடுத்தே தீர வேண்டும். பாதிப் பணம் இப்போது, மீதி பிறகு என்பது ஸலமாகாது. தைத்துக் கொடுக்கும் சட்டைக்கு மட்டும், இஸ்திஸ்னாஃ என்ற பெயரில் ஹனஃபீ மத்ஹபில் சலுகை உண்டு.

பார்க்காத பொருளை வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நம் தமிழகத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். கண்ணால் காணாத ஒரு குறிப்பிட்ட பொருளை விற்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் கூடும். பார்த்தபின் வேண்டாமென்று தள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஒரே வாட்ஸப் குழுவில் காயல்பட்டினத்துக்காரரும் வேலூர்க்காரரும் இருக்கிற காலம் இது! இருவருக்கும் பொருந்துகிற வழி, பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பதே. 'ஆர்டர்' என்பது வாக்குறுதியாக நிற்கும். வீட்டு வாசலில் பொருளும் பணமும் கைமாறும்போதுதான் விற்பனை நடக்கிறது. மக்கள் வழக்கில் விற்பனை என்று கருதப்படுவதை, வாய்ச்சொல் இல்லாமலே செல்லும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஏற்றிருப்பது இங்கே நமக்குப் பெரிய ஆறுதல்.

தொலைவில் இருப்பவர்கள் எழுத்தால் ஒப்பந்தம் செய்யலாமா என்ற கேள்விக்கு 1990-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லப்பட்டுவிட்டது. ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, கடிதம், தந்தி, டெலக்ஸ், கணினித் திரை ஆகியவற்றின் மூலம் நடக்கும் ஒப்பந்தங்கள் செல்லும் என்று தீர்மானித்தது. நிக்காஹ், நாணய மாற்று, ஸலம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது. ஸலமுக்கு அவர்கள் சொன்ன காரணம், விலை அப்போதே கைக்கு வர வேண்டும் என்பது. நொடிப்பொழுதில் பணம் போய்ச்சேரும் இந்நாளில் அந்தக் காரணம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுவது நல்லது.

இனிக் குறை மறைப்பது. நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இன்று ஈரம் கைப்பேசிப் படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நிறத்தை மெருகேற்றிய படம், வேறொரு பக்கத்திலிருந்து எடுத்துப்போட்ட படம், அரபு நாட்டு விலையுயர்ந்த துணியின் படத்தைக் காட்டி உள்ளூர்த் துணியை அனுப்புவது: இவையெல்லாம் மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது என்ற பழைய குவியல்தான்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பலர் தங்கள் பக்கத்தின் தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். குறை தெரிந்துகொண்டே மறைத்து விற்றவருக்கு இந்த வாசகம் பாதுகாப்பல்ல. குறையைக் கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இரு மத்ஹபுகளும் வாங்கியவருக்குக் கொடுத்திருக்கின்றன. மனம் மாறினாலும் திருப்பலாம் என்று மூன்று நாள் அவகாசம் பேசிக்கொள்ள இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இருவரும் இடம் தருகிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் நம்மோடு ஒத்துப்போவதைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளைத் தாண்டித் தாமதமாக வந்தாலோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. பழைய மேசையையோ புத்தகத்தையோ எப்போதாவது விற்பவரை இந்த விதி பிடிக்காது. தொழிலாக, தொடர்ந்து விற்பவரைப் பிடிக்கும். வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கீழக்கரையிலிருந்து விற்றவர் கோயம்புத்தூரில் பதில் சொல்ல நேரும்.

'அது அரசாங்கச் சட்டம், ஷரீஅத் அல்லவே' என்று அலட்சியமாகச் சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி முஃமின்களுக்கு ஆணையிடுகிறது. இந்த நாட்டின் குடிமக்களாக வாழ்வதும், அதன் சாலையிலும் தபாலிலும் வங்கியிலும் தொழில் நடத்துவதும் ஓர் ஒப்பந்தமே. ஹராமை ஏவாதவரை அதன் சட்டத்துக்குக் கட்டுப்படுவது நம்மீது கடமை என்பதே நம் உலமாக்களின் வழி.

ஜி.எஸ்.டி.யைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கை மட்டும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு தேவை. பெங்களூரை விடுங்கள். நாகூரில் இருப்பவர் பக்கத்துக் காரைக்காலுக்கு ஓர் அபாயா விற்றாலும், காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் இதே கதைதான்! பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்து விற்பவர்களுக்கு முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்களுக்குப் பதிவுக்குப் பதிலாகச் சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும் என்று தளர்த்தப்பட்டது. தொடங்கும் முன் ஒரு கணக்கரிடம் அரைமணி நேரம் உட்கார்வது வீண்செலவல்ல.

சமையலறைச் சரக்கு விற்பவர்கள், எவ்வளவு சிறிய அளவானாலும், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்று, அந்தப் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். தயாரித்தவர் முகவரி, எடை, தயாரித்த மாதம், உச்ச விலை ஆகியவையும் வேண்டும். எடையில் மோசம் செய்பவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் அருளப்பட்ட சமுதாயத்துக்கு, நிகர எடை எழுதுவது பாரமாகத் தோன்றக் கூடாது. வீட்டில் காய்ச்சும் தலைக்கு எண்ணெய், மூலிகைச் சோப்பு ஆகியவற்றை விற்பனைக்குத் தயாரிக்க அழகுசாதனப் பொருளுக்குரிய உரிமம் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. சபரிலிருந்து வருகிறவர் தம் பெட்டியில் வரியின்றிக் கொண்டுவரும் சலுகை சொந்த உபயோகத்துக்கு உரியது; அந்த அத்தர்க் குப்பிகளைக் குழுவில் போட்டு விற்பது அந்தச் சலுகைக்குப் புறம்பு.

கருஞ்சீரக எண்ணெய் விளம்பரங்களைப் பற்றி நாம் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டென்ற ஹதீஸ் ஸஹீஹானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஹதீஸை மேலே போட்டு, கீழே 'சர்க்கரை வியாதி அடியோடு தீரும், ஒரு பாட்டில் 600 ரூபாய்' என்று எழுதுவது என்ன நியாயம்? சர்க்கரை நோய் உள்ளிட்ட பல வியாதிகளைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதைவிடப் பயப்பட வேண்டியது, அதை நம்பி ஒரு முதியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்பது. நாயகத்தின் சொல்லை நம் பாட்டிலுக்கு லேபிளாக்க வேண்டாம்.

'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரமும் செண்டும் செருப்பும் பிறர் பெயரைத் திருடிய சரக்குகள். வணிகச் சின்னம் அதன் உரிமையாளரின் சொத்து, ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது என்று அதே ஃபிக்ஹு அகாடமி 1988-இல் குவைத்தில் தீர்மானித்தது. நாட்டுச் சட்டத்தில் இது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 'போலி என்று சொல்லித்தானே விற்கிறோம்' என்பது பதிலாகாது. பறிபோனது வாங்குபவரின் உரிமை மட்டுமல்லவே!

சொந்தக்காரர்களையும் தோழிகளையும் விட்டு, வாங்காத பொருளுக்கு 'மாஷா அல்லாஹ், அருமையான தரம்' என்று எழுதவைப்பது இன்னொரு நோய். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிட்டுப் பிறரை இழுப்பதை, நஜ்ஷு என்ற பெயரில், பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதுவும் அந்த இனமே. வாங்கியவர்போல் நடித்து மதிப்புரை எழுதுவதை மேற்சொன்ன 2020 விதிகளும் தடைசெய்கின்றன.

வாங்குபவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. பொருள் வந்தபின் பணம் என்று சொல்லிவிட்டு, கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது 'இப்போது வேண்டாம்' என்று கதவைச் சாத்துகிறோமே, இரண்டு வழிக் கூரியர்க் கூலி அந்தச் சகோதரியின் தலையில் விழுகிறது. பெருநாளுக்கு அணிந்துவிட்டு மறுநாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்புகிற வழக்கமும் சில ஊர்களில் வந்திருக்கிறது. இதை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

கடைசியாகக் கணக்கு. திருமறையின் மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது. ஆகவே வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும், ஒரு நோட்டும் போடுங்கள். யாரிடம் முன்பணம் வாங்கினோம், யாருக்குச் சரக்கு அனுப்பினோம், யாருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அதில் இருக்கட்டும். மனைவியின் வியாபார இலாபம் மனைவியின் சொத்து. குடும்பச் செலவு கணவரின் கடமையாகவே நிற்கும் என்பதால், வீட்டுக் கணக்கோடு அது கலக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது. ஆண்டு நிறைந்ததும் ஜகாத்துக்கு அந்த நோட்டே உதவும். விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை வாங்கிய விலைக்கல்ல, அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கையிலுள்ள வியாபாரப் பணத்தோடு சேர்த்து, நிஸாபை எட்டியிருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். தையல் மிஷினுக்கும் தராசுக்கும் படமெடுத்த கைப்பேசிக்கும் ஜகாத் இல்லை. அலமாரியில் விற்காமல் கிடக்கும் அபாயாக்களுக்கு உண்டு.